லீக் தேட ஏன் ஹீலியம்?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சிப் தயாரிக்கும் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேம்பரில் லீக் என்று சந்தேகம் வந்தால் ஹீலியம் அடித்துப் பார்க்கிறோம். வேறு வாயு ஆகாதா?"

சேம்பர் என்பது காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய கலம். முதலில் அதற்குள் வரும் கசிவின் அளவைப் பாருங்கள். நொடிக்கு 10⁻⁹ மில்லிபார் லிட்டர் என்றால், ஒரு கன சென்டிமீட்டர் காற்று உள்ளே நுழைய 30 ஆண்டுக்கு மேல் ஆகும். சோப்பு நுரைக்கு இது சிக்காது. ஹீலியமோ காற்றில் பத்து லட்சத்துக்கு 5 பங்குதான், எதனோடும் சேராது, அணுவும் சிறியது. வெளியே மூட்டு மூட்டாக அதை அடித்தால், உள்ளே புகுந்ததைக் கருவி அயனியாக்கி, காந்தப்புலத்தில் வளைத்து, நிறை 4 வந்து விழும் இடத்தில் மட்டும் எண்ணும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் யுரேனியச் செறிவூட்டல் ஆலைக்காக இயற்பியலாளர் ஆல்ஃபிரட் நீர் (Alfred Nier) வடிவமைத்த முறை இது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். எண்ணும் பகுதிக்கு உயர் வெற்றிடம் வேண்டும். சேம்பரிலிருந்து வருவதிலோ நீராவி நிறைய. பழைய கருவிகளில் அதைப் பிடிக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றினார்கள். இப்போது அந்த வாயுவை, எண்ணும் பகுதியை வெற்றிடமாக வைக்கும் டர்போ பம்ப்பின் வெளியேறும் வாய்ப் பக்கமே கொண்டுவந்து விடுகிறார்கள். ஆம், பம்ப் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதே பக்கம்! அதன் இறக்கைகள் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் சுழல்கின்றன. நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகம் சுமார் 470 மீட்டர், ஹீலியத்துக்கு 1,250. கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் மேலே ஓடுவதைப் போலத்தான்: மெதுவாக ஏறுபவரைப் படி கீழேயே கொண்டுவந்து விட்டுவிடும், விரைந்து ஓடுபவர் மேலே போய்விடுவார். நைட்ரஜனும் நீராவியும் தோற்றுத் திரும்ப, ஹீலியத்தில் ஒரு பகுதி எதிர்நீச்சல் போட்டு எண்ணும் இடத்தை அடைகிறது. பம்ப்பே வடிகட்டியாகவும் ஆகிவிடுகிறது. என்ன அழகான யோசனை!

பாறைகளில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த வாயு ஹீலியம். காற்றில் கலந்தால் திரும்பக் கிடைப்பது அரிது. அதைப் பிறந்தநாள் பலூனில் அடைப்பது வீண் என்பதே என் கருத்து.

அடிக்கும்போது மேலிருந்து தொடங்குங்கள், ஹீலியம் மேலே எழும். ஓரிடத்தில் அதிக நேரம் அடித்தால் மூட்டை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங் வழியாகவே ஊடுருவி, இல்லாத லீக்கைக் காட்டும். அப்புறம், நம் ஊர் ஈரப்பதத்தில் சேம்பரைத் திறந்து மூடினால் சுவரில் நீர் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கவில்லை என்றால் பம்ப்புக்குப் போகும் வால்வை மூடிக் கவனியுங்கள். கசிவென்றால் ஒரே சீராக ஏறும். ஈரமென்றால் ஏறிப் பிறகு மட்டுப்படும். ஈரத்துக்கு ஹீலியம் அடித்துப் பயனில்லை. சேம்பரைச் சூடேற்றி, பம்ப்பை ஓடவிட வேண்டியதுதான்.