கண்ணாடிக்குள் அழுக்கு இல்லை

"அண்ணா, கண்ணாடிக்கு உள்ள அழுக்குப் போயிருச்சு. பிரிச்சுத் துடைச்சுக் குடுத்துருங்க" என்று ஒரு தம்பி வாட்சைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். ஜிம் பயிற்சியாளர். இரண்டு வருடமாக சார்ஜ் போடும் நேரம் தவிர கையை விட்டு இறங்காத ஸ்மார்ட்வாட்ச்.

திரை கறுப்பாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றை அனுப்பித் திறந்தேன். விளிம்பைச் சுற்றி 12, 3, 6, 9. கீழே ஒரு குட்டி இதயம், பக்கத்தில் பேட்டரிச் சின்னம். எல்லாம் லேசான மஞ்சளில், வெள்ளை வேட்டியில் பட்டுத் துவைத்தும் போகாத டீக்கறை மாதிரி. நேரம் காட்டும் முகப்பான வாட்ச் ஃபேஸை மாற்றி ஒரு மாதம் ஆகிவிட்டதாம். பழைய ஃபேஸ் மட்டும் காலி பண்ணவில்லை.

அழுக்காக இருந்தால் துடைத்துவிடலாம். இது பர்ன்-இன். பெயர்தான் அப்படி, உள்ளே எதுவும் கருகுவதில்லை. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள். அவை கரிமச் சேர்மங்களால் ஆனவை. எரிகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். நீலம்தான் முதலில் களைத்துப்போகும். அதன் ஒளிக்கு ஆற்றல் அதிகம் வேண்டும், ஆயுளும் குறைவு. பல திரைகளில் நீலப் புள்ளியைப் பெரிதாகவே செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீலம் குறைந்த இடம் மஞ்சளடித்துத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சுவரில் பத்து வருடம் ஒரே ஆணியில் தொங்கிய காலண்டரைக் கழற்றிப் பாருங்கள். அந்தச் சதுரத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். வாட்சில் இது தலைகீழ்: படம் இருந்த இடம் வெளுக்கிறது, சுற்றியுள்ள கறுப்பு புதுசாகவே இருக்கிறது.

அந்தத் தம்பியின் வாட்சில் முட்களின் தடம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தேய்மானம் வட்டம் முழுக்கப் பங்கு பிரிகிறது. அசையாத எண்ணும், கம்பெனி லோகோவும், இதயச் சின்னமும்தான் தடம் பதிக்கும். டிஜிட்டல் ஃபேஸ் என்றால் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இருக்கும் இரண்டு புள்ளிகளை முதலில் பார்ப்பேன்.

"அப்ப அந்த ஆல்வேஸ் ஆன்தான் காரணமாண்ணா?" என்றார். கையைத் தூக்கிப் பார்க்காதபோதும் திரை அணையாமல் நேரம் காட்டும் வசதி அது. பாதிதான் ஆமாம். திரை அணையாமல் இருக்கும் என்பது தெரிந்தே தயாரிப்பாளர்கள் அதை மங்கலாக்கித் தருகிறார்கள். கூகுளின் வாட்ச் மென்பொருளான வேர் ஓஎஸ்ஸுக்கான வழிகாட்டுதலில், அந்த நிலையில் திரையில் 15 சதவீதத்துக்கு மேல் புள்ளிகள் எரியக் கூடாது. படத்தை அவ்வப்போது சில புள்ளிகள் தள்ளி வைக்கும் ஏற்பாடும் உண்டு. ஒல்லியான கோடுகளுக்கு அது நன்றாக வேலை செய்யும். தடித்த எண்ணை நாலு புள்ளி நகர்த்தினாலும் அதன் நடுப்பகுதிக்கு ஓய்வே கிடையாது. (ஆப்பிள் 2019இல் விட்ட சீரிஸ் 5 வாட்சின் எல்டிபிஓ வகைத் திரை, தன்னைப் புதுப்பிக்கும் வேகத்தை நொடிக்கு 60 முறையிலிருந்து 1 முறைக்கு இறக்கும். அதை பர்ன்-இன் பாதுகாப்பு என்று விற்பவர்கள் உண்டு. அது பேட்டரிக்கானது.)

செட்டிங்ஸைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிரைட்னஸ் கடைசிக் கோடு வரை ஏற்றியிருந்தது. காலையில் மைதானத்தில் வெயிலில் வகுப்பு, அதனால் திரை மங்காமல் முழு வெளிச்சத்திலேயே நிற்கும்படி வைத்திருந்தார். பிரைட்னஸை இரண்டு மடங்காக்கினால் தேய்மானம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கும் மேலே போகும். வெயில் சூடு வேறு. அவருடைய திரையைத் தின்றது மங்கலான ஆல்வேஸ் ஆன் இல்லை, மணிக்கணக்கில் எரிந்த முழு வெளிச்சமும் தடித்த வெள்ளை எண்களும்தான்.

வருவதற்கு முன்பே ஒரு வைத்தியம் பார்த்திருந்தார். வண்ணங்கள் மாறி மாறி மின்னும் வீடியோவை ராத்திரி முழுக்க சார்ஜரிலேயே ஓடவிட்டிருக்கிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மங்கிய விளக்கு திரும்ப வராது. அந்த வீடியோ அதிகபட்சம் செய்வது, நன்றாக இருக்கும் மற்ற விளக்குகளையும் தேய்த்து சமமாக்குவது. கொஞ்ச நேரம் நிழல் தங்கி, தானாகவே மறையும் இன்னொரு கோளாறும் உண்டு. வாட்சை அணைத்து ஒரு ராத்திரி வைத்தால் அது போய்விடும். அப்படிப் போனதைத்தான் வீடியோ குணப்படுத்தியதாக நம்புகிறார்கள்.

திரையை மாற்றலாம். கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் ஒன்றாக ஒட்டி வருவதால் காம்போவாகத்தான் மாற்ற வேண்டும். விலை குறைந்த பிராண்டுகளுக்குப் பல சமயம் காம்போவே கிடைக்காது. கிடைத்து மாட்டினாலும் தண்ணீர் புகாத பழைய சீல் திரும்பும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வாரண்டியையும் பெரிதாக நம்ப வேண்டாம். 2017இல் ஐபோன் எக்ஸ் வந்தபோதே, நீண்ட காலப் பயன்பாட்டில் ஓஎல்இடியில் பர்ன்-இன் வருவது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்று ஆப்பிள் எழுதி வைத்துவிட்டது. அதே வருடம் பிக்சல் 2 எக்ஸ்எல் போனில் புகார்கள் கிளம்பியபோது கூகுள் வாரண்டியை இரண்டு வருடமாக்கியது. அந்த மாதிரி எல்லா முறையும் நடந்துவிடாது.

என் வாட்சில் ஆல்வேஸ் ஆனை நான் அணைக்கவில்லை. கறுப்புப் பின்னணியில் ஒல்லியான சிவப்பு எண்கள். நீல விளக்குக்கு வேலையே இல்லை. பிரைட்னஸ் ஆட்டோவில். மாதம் ஒருமுறை ஃபேஸை மாற்றுவேன், தூங்கும்போது திரை அணைந்துவிடும். நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு நான் சொல்வது வேறு: எம்ஐபி திரை உள்ள வாட்ச் வாங்குங்கள். சூரிய ஒளியையே திருப்பிக் காட்டும், பர்ன்-இன் பயம் இல்லை. கார்மின் ஃபோர்ரன்னர் 255இல் அதுதான் இருந்தது. அடுத்து வந்த 265இல் ஓஎல்இடி வகையான அமோலெட்டுக்கு மாறிவிட்டார்கள்.

அப்புறம், கடையில் டிஸ்ப்ளேவுக்கு வைத்திருந்த பீஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். அது காலையிலிருந்து இரவு வரை முழு வெளிச்சத்தில் எரிந்த வாட்ச். செகண்ட் ஹேண்டும் அப்படித்தான். வெறும் நீலப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள், சிவப்பில் மறைந்திருக்கும் தடம் நீலத்தில் முகம் காட்டும்.

காம்போ விலையைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். வாட்சை வாங்கி, பழைய ஃபேஸையே திரும்ப வைத்தார். 12, 3, 6, 9 எல்லாம் அதனதன் தடத்தில் போய் உட்கார்ந்தன. கறை காணாமல் போனது. "சரிண்ணா, இப்படியே இருக்கட்டும்" என்று சிரித்தார். பிரைட்னஸை மட்டும் நான் பாதிக்கு இறக்கிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.