முகக் க்ரீம் பெட்டியில் உள்ள வாசகங்கள்: சட்டம் எதைக் கேட்கிறது, எதை விட்டுவிடுகிறது

பெட்டியில் உற்பத்தி உரிம எண் இருந்தால், அந்த க்ரீம் சொல்வதையெல்லாம் அரசு சோதித்து ஒப்புக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தியாவில் அந்த உரிமத்தை வழங்குவது மாநில உரிம அதிகாரி. தயாரிக்கும் இடம், கருவிகள், சுத்தம், பணியாளர் தகுதி, பொருளின் தரம் ஆகியவைதான் அதற்கான அளவுகோல். இறக்குமதிப் பொருளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு எண் வேண்டும். ‘ஏழே நாளில் கரும்புள்ளி மறையும்’ என்ற வரி உண்மைதானா என்று விற்பனைக்கு முன் யாரும் சரிபார்ப்பதில்லை. பொய்யென்று தெரிந்தால் பின்னால் நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவுதான்.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் ஒரு கோடு போடுகிறது. சுத்தம் செய்ய, அழகுபடுத்த, தோற்றத்தை மாற்றப் பூசுவது அழகுசாதனம். நோயைத் தீர்ப்பதாகச் சொன்னால் அது மருந்து. ‘வறட்சியைக் குறைக்கும்’ என்று எழுதலாம். ‘எக்ஸிமாவைக் குணப்படுத்தும்’ என்று ஒரு தோல் நோயைச் சொன்னால் மருந்து உரிமமும் ஆதாரமும் வேண்டும். ‘சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்க உதவும்’ என்று சுற்றிவளைத்து எழுதுவது இதனால்தான். தோற்றம் குறையும் என்கிறார்களே தவிர, சுருக்கம் குறையும் என்று சொல்லவில்லை. ஈரப்பதம் ஏறினாலே தோல் உப்பி, மெல்லிய கோடுகள் சில மணி நேரம் மங்கிவிடும். வாசகம் பொய்யாகாது, ஆனால் நீங்கள் எதிர்பார்த்ததும் நடக்காது.

அழகுசாதன விதிகள், 2020 பொய்யான, தவறான எண்ணத்தைத் தரும் எந்த வாசகத்தையும் தடை செய்கின்றன. ஆனால் நமக்கு அன்றாடம் கைகொடுப்பது அதே விதிகளின் லேபிள் பகுதி. ‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ், 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அவற்றுக்குப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம். 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த க்ரீமுக்கும் இந்தப் பட்டியலே கட்டாயமில்லை. சின்ன டப்பா வாங்குபவர் பெரிய டப்பாவின் பட்டியலைத் தேடிப் படிப்பது நல்லது.

1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தியை வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அதற்குப் பின்னால் வரும் பொருட்கள் எல்லாமே அநேகமாக 1 சதவீதத்துக்குள்தான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் குங்குமப்பூ, பட்டியலில் வாசனைப் பொருளுக்கும் பின்னால் குங்குமப்பூச் சாறு என்றால், அது பெயருக்குத்தான் இருக்கிறது. நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) பெரும்பாலும் 2 முதல் 5 சதவீத அளவில்தான் ஆய்வு செய்யப்பட்டிருக்கிறது. அது கடைசி வரிசையில் கிடந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) 1 சதவீதத்துக்கு வெகு கீழேயே வேலை செய்யும். அது கடைசியில் இருப்பது குற்றமல்ல.

‘தோல் மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டது’ என்பது, சிலர் தோலில் ஒட்டிப் பார்த்து எரிச்சல் வரவில்லை என்று உறுதிசெய்ததாக மட்டும் இருக்கலாம். பலன் தருமா என்பது வேறு சோதனை. ‘90% பெண்கள் ஒப்புக்கொண்டனர்’ என்றால் அருகே நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை பேர், எத்தனை வாரம், கருவியால் அளந்ததா, கேள்வித்தாளில் கேட்டதா, வேறொரு சாதாரண க்ரீமோடு ஒப்பிட்டதா? பல நேரம் அது பயன்படுத்தியவர்களின் அபிப்பிராயம்தான். மூலப்பொருளை வைத்து நடந்த ஆய்வை முழு க்ரீமின் ஆய்வாகக் காட்டுவதும் சகஜம். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண்ணுக்கு முறையான சோதனை உண்டு. ஆனால் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. எண் பொய்யில்லை, கிடைக்கும் பாதுகாப்புதான் குறைவு.

விளம்பரத்தைப் பொறுத்தவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-உம் அதன் கீழ் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களும் பொருந்தும். ‘பலன் ஆளுக்கு ஆள் மாறும்’ போன்ற பொறுப்புத் துறப்பு வாசகம், பலனைச் சொல்லும் வரி எந்த மொழியில், எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதே மொழியிலும் எழுத்துருவிலும் இருக்க வேண்டும். தமிழ் விளம்பரத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கில வரி ஓடினால் அதுவே புகாருக்குரியது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உற்பத்தியாளருக்கும், பரிந்துரைக்கும் பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. பிரபலம் ஓராண்டுக்கு விளம்பரத்தில் தோன்றவும் தடை போடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் வீணாவது பற்றி. உடலைக் கெடுப்பவை வேறு. க்ளோபெட்டசால், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் என்று பட்டியலில் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து; சிவப்பழகு க்ரீமாகப் பூசக் கூடாது. தோல் மெலியும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், மறுபடியும் அதையே தேட வைக்கும். பாதரசம், கண்ணுக்கான பொருட்களைத் தவிர மற்றவற்றில், தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் கேரளத்தின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது பதிவாகியிருக்கிறது. உற்பத்தியாளர் முகவரி, உரிம எண் அல்லது இறக்குமதிப் பதிவு எண், பேட்ச் எண் ஆகியவற்றில் ஒன்று இல்லையென்றாலும் சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

புகாருக்கு முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் தரலாம். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. பில், பெட்டியின் எல்லாப் பக்கப் படங்கள், விளம்பரத்தின் தேதியோடு கூடிய ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை முதலிலேயே எடுத்துவையுங்கள். புகார் போனதும் விளம்பரம் காணாமல் போவது வழக்கம்.

கலப்படச் சந்தேகம் என்றால் மருந்து ஆய்வாளரிடம் போங்கள். 1940 சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனைக்குப் பொருளை அனுப்பி, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். அதற்கு அதே பேட்ச் எண்ணில் சீல் உடைக்காத டப்பா ஒன்று கையில் இருப்பது நல்லது. திறந்த டப்பா என்றால், நீங்களே எதையாவது கலந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைத்துவிடும்.