முதலமைச்சர் காப்பீட்டில் உணவுக்குழாய், இரைப்பைக்கான நுண்துளை அறுவை சிகிச்சை: எங்கே இழுத்தடிக்கிறார்கள், என்ன செய்ய வேண்டும்

எங்கள் தெருவில் இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண், ஒவ்வொரு கவளத்துக்கும் அரை டம்ளர் தண்ணீர் குடித்து, நெஞ்சை நிமிர்த்தித் தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, சோற்றை உள்ளே இறக்குவதை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவில் படுத்தால் சாப்பிட்டது தொண்டைக்கு ஏறிவிடும் என்பதால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். போன இடத்திலெல்லாம் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். எடை பாதியாகக் கரைந்த பிறகுதான் வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும், பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் பார்த்து, அக்கலேசியா என்றார்கள். உணவுக்குழாயின் அடிவாயில் இருக்கும் தசை, விழுங்கும்போது தளர வேண்டியது, தளராமல் இறுகியே நிற்கும் நோய் அது. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி அந்தத் தசையைக் கீறிவிட்டால் உணவு இறங்கத் தொடங்கிவிடும். பெரும்பாலானவர்கள் சில நாட்களில் வீடு திரும்பிவிடுவார்கள். இவருக்கு அந்த அறுவை சிகிச்சை நடக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி, காப்பீட்டுக்காகக் குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பதிலேயே போனது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால், ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். உணவுக்குழாய், இரைப்பை அறுவை சிகிச்சைகளில் லேப்ராஸ்கோப்பி என்ற இந்த நுண்துளை முறையில் செய்யப்படுபவையும் இதில் அடங்கும். பின்னணி இவ்வளவு போதும்.

முதல் தடை குடும்ப அட்டை. திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். அவர்கள் பெயர் அந்த அட்டையில் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கிவிட்டு, புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்காமலே விட்டுவிடுவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அரிசி வாங்குவதற்கு அது குறையாகத் தெரிவதில்லை. மருத்துவமனையில் காப்பீட்டு மேசையின் முன் நிற்கும்போதுதான், அந்தப் பெண் எந்தக் குடும்பத்தையும் சேராதவராகி விடுகிறார். கடைக்காரப் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதான். பெயர் நீக்கல் சான்று வாங்கப் பிறந்த ஊருக்கு இரண்டு முறை போனார். சேர்க்கும் விண்ணப்பம் ஆதாரில் இருக்கும் தலைப்பெழுத்தும் அட்டையில் இருக்கும் தலைப்பெழுத்தும் வேறு என்று ஒரு முறை திரும்பி வந்தது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒப்புதலுக்காகக் கிடந்தது ஒரு மாதத்துக்கு மேல். திரவ உணவு தவிர எதையும் விழுங்க முடியாத ஒருவரை இப்படி அலைய விடுவதற்கு எந்த விதியும் நியாயம் சொல்ல முடியாது. ஆகவே வீட்டில் யாருக்கும் நோயில்லாத இன்றைக்கே குடும்ப அட்டையை எடுத்து, எல்லோர் பெயரும் இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தும் பிறந்த ஆண்டும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது, வருமானச் சான்று. 1,20,000 ரூபாய் என்றால் மாதத்துக்குப் பத்தாயிரம். ஒரு கொத்தனார் வேலையுள்ள மாதத்தில் இதைத் தாண்டிவிடுவார். மழைக்காலத்தில் பாதிகூட வராது. இந்த வித்தியாசத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எடுத்துச் சொல்லாவிட்டால், தினக்கூலியை முப்பதால் பெருக்கி, தகுதியில்லை என்று எழுதிவிட இடமுண்டு. ஆண்டில் உண்மையில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று கணக்கிட்டு, அதை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஓட்டுக் கூரைக்குப் பதில் கான்கிரீட் கூரை இருக்கிறது என்பதற்காக மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். திட்டம் பார்ப்பது ஆண்டு வருமானத்தை. எந்த வடிவத்தில் சான்று வேண்டும், கையெழுத்திட்ட படிவமா, இ-சேவை மையத்தின் வழியாக வட்டாட்சியர் தரும் சான்றா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் முதலிலேயே கேட்டுவிட்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். அங்கே புகைப்படம் எடுத்துப் பதிவு செய்ததும் குடும்பத்துக்கென ஓர் எண் கிடைக்கும். சிகிச்சைக்கு அந்த எண்தான் முக்கியம். அச்சிட்ட அட்டை கைக்கு வரட்டும் என்று காத்திருந்து நோயை வளர்க்காதீர்கள்.

சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படுபவர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்கள் ஆகியோருக்குத் தனித் திட்டங்கள் உள்ளன. அவர்கள் இந்த வரிசையில் நின்று நாளை இழக்க வேண்டாம்.

இனி மருத்துவமனை. வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகை தொங்குவதை நம்பிப் படுக்கையில் சேர்ந்துவிடக் கூடாது. மருத்துவமனைகளுக்குத் துறைவாரியாகத்தான் அனுமதி தரப்படுகிறது. எலும்புக்கும் மகப்பேறுக்கும் அனுமதி பெற்ற இடத்தில் இரைப்பைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்து, இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறைக்கு அந்த மருத்துவமனைக்கு அனுமதி உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளைக் கடைசிப் புகலிடமாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறைகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. ஓமந்தூரார் அரசு பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 2022இல் ரோபோ உதவியுடன் அறுவை சிகிச்சை செய்யும் மையமே வந்துவிட்டது.

நோயைக் கண்டறியும் செலவில்தான் பலர் கடன்படுகிறார்கள். ஐந்து லட்சம் இருக்கிறது என்று நினைத்து வெளியே எண்டோஸ்கோப்பி, சிடி ஸ்கேன், உணவுக்குழாய் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி என எல்லாவற்றையும் தனியாரிடம் எடுத்துவிட்டு, பிறகு ரசீதை நீட்டினால் ஒரு ரூபாயும் வராது. இந்தத் திட்டத்தில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தின் முன் ஒப்புதல் பெறாமல் அவசரப்பட்டுப் பணம் கட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே நிலைதான். முடிந்த பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளுங்கள். அறிக்கையோடு படங்களையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் ஒப்புதல் கேட்கும்போது காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் பார்ப்பது அவற்றைத்தான்.

ஒப்புதல் இன்னும் வரவில்லை என்று மேசையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டதா, அல்லது கூடுதல் விளக்கம் கேட்டிருக்கிறார்களா என்ற ஒரே கேள்வியை அழுத்திக் கேளுங்கள். பல முறை, ஒரு படம் தெளிவாக இல்லை என்றோ எடை குறைந்த விவரத்தைக் குறிப்பில் எழுதவில்லை என்றோ ஒரு விளக்கம் கேட்கப்பட்டு, அதற்குப் பதில் அனுப்ப ஆளில்லாமல் கிடக்கும். கடைக்காரப் பெண்ணின் விண்ணப்பமும் நான்கு நாள் அப்படித்தான் கிடந்தது. பேரியம் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் மின்விசிறியின் நிழல் விழுந்திருந்தது. மகன் போய்க் கேட்ட அன்று மாலையே புதிதாக எடுத்து அனுப்பினார்கள், மறுநாள் ஒப்புதல் வந்தது.

அடுத்து, பணம் கேட்பது. அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு, ஆனால் லேப்ராஸ்கோப்பிக்குத் தனிக் கட்டணம் என்று சொல்லி முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றும்போது தையலுக்குப் பதில் பயன்படும் ஸ்டேப்ளர் கருவியை வெளியே வாங்கி வரச் சொல்வதும், இரைப்பை நெஞ்சுக்குள் மேலேறிவிடும் ஹெர்னியாவுக்கு வைக்கும் வலைக்குத் தனியாகக் கேட்பதும் இதே வகை. ஒப்புதலான தொகை என்பது அறுவை அரங்கு, மருந்து, கருவி, படுக்கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ஒப்புதல் எந்த அறுவை சிகிச்சைக்கு, எந்த முறைக்குக் கேட்கப்பட்டது என்பதைச் சேரும் நாளிலேயே பார்த்துவிடுங்கள். திறந்த முறைக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு, துளை வழியாகச் செய்கிறோம் என்று வித்தியாசத்தை உங்களிடம் வசூலிக்க இடம் கொடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்: இரத்தக் கசிவோ, பழைய புண்ணால் ஏற்பட்ட ஒட்டுதலோ இருந்தால், துளை வழியாகத் தொடங்கியதைப் பாதியில் நிறுத்தி வயிற்றைத் திறக்க நேரிடும். அது நோயாளியின் உயிரைக் காக்க எடுக்கும் முடிவு. அதற்காக மருத்துவரோடு சண்டைக்குப் போகக் கூடாது, அதற்காகப் பணமும் கட்டக் கூடாது.

பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரசீது தர மறுத்தால், தேதி, நேரம், கேட்டவர் உட்கார்ந்திருந்த மேசை ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, நோயாளி படுக்கையில் இருக்கும்போதே மேலே சொன்ன எண்ணில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதையே எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள். வீட்டுக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட புகார்கள் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஐந்து லட்சம் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். அறுவைக்கு முன் தரப்படும் கீமோவும், அதே ஆண்டில் அப்பாவுக்கு இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டும் அதே தொகையிலிருந்துதான் கழியும். மீதி எவ்வளவு என்பதைக் கீமோ தொடங்கும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சில தாள்களில் கையெழுத்துக் கேட்பார்கள். அவற்றில் ஒன்று, எங்களிடம் பணம் எதுவும் வாங்கப்படவில்லை, சிகிச்சையில் திருப்தி என்று எழுதிய கடிதம். பணம் கொடுத்திருந்தால் அதில் கையெழுத்திடாதீர்கள். காலி இடம் விட்ட தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வேண்டாம். வெளியேறும் குறிப்பு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, சதைப் பரிசோதனை முடிவு மூன்றையும் வாங்காமல் படியிறங்கக் கூடாது. சதைப் பரிசோதனை முடிவு தாமதமாக வருமென்றால், எந்த நாளில், எந்த அறையில் வாங்குவது என்பதை அந்தக் குறிப்பின் ஓரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.