முகத்துவாரம் திறந்த மறுநாள்

மார்கழி மழை நாட்கணக்கில் கொட்டி, வாவிக்கரைப் படிகள் ஒவ்வொன்றாக நீருக்குள் போய், தாழ்ந்த ஊர்களில் கிணறும் வீதியும் ஒரே மட்டமாக நிற்கும்போது, மட்டக்களப்பில் எல்லோர் வாயிலும் ஒரு கேள்விதான் இருக்கும்: முகத்துவாரத்தை எப்போது வெட்டப் போகிறார்கள்? வாவி கடலில் சேரும் அந்த வாயை அடைத்து நிற்கும் மணல் திட்டு வெட்டப்பட்டு, தேங்கிய நீர் கடலை நோக்கி இறங்கத் தொடங்கியதும் ஊர் மூச்சு விடுகிறது. வயல்காரரின் கவலை தணிகிறது. முகாம்களில் தங்கியிருப்பவர்கள் வீடு திரும்பும் நாளை எண்ணத் தொடங்குகிறார்கள். ஆனால் தோணியில் தொழில் செய்பவருக்கு ஆபத்து மிகுந்த நேரம் அப்போதுதான் பிறக்கிறது. நீர் உச்சத்தில் நிற்கும் நாளைவிட, அது இறங்கத் தொடங்கும் நாளுக்கே அவர் அதிகம் அஞ்ச வேண்டும். அந்த நாளில் நீருக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டக்களப்பு வாவியை நாம் ஆறு என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் அது ஆறு போல ஓடுவதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமும் சுமார் 140 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டு, பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லாமல், கடற்கரைக்கு இணையாகக் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு அது. கடலோடு அதற்கு இரண்டே வாய்கள் உண்டு: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. மழையில்லாத மாதங்களில் கடலலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து இந்த வாய்களை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட வாவிக்குள், வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும், மேற்கிலிருந்து முந்தனை ஆறும் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் நிரம்பி வான்பாயும் நீரும், தெற்கிலிருந்து அம்பாறை மாவட்டத்து வயல்களின் வடிநீரும் வந்து சேர்கின்றன.

இவ்வளவு அகன்ற பரப்பில் நீர் மெதுவாகவே ஏறும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி மட்டும் வாவியை வந்தடைவதாகக் கொண்டால், அது ஐந்து கோடி கனமீட்டர் நீர். வாய்கள் இரண்டும் மூடியிருக்க, அந்த நீர் 140 சதுர கிலோமீட்டரில் பரவினால், நீர்மட்டம் ஏறத்தாழ 36 சென்ரிமீட்டர் உயரும். மலையடிவாரத்தில் விழுந்த மழை காட்டாறுகளிலும் குளங்களிலும் வயல்களிலும் தங்கித் தங்கி வருவதால், இந்த உயர்வு மழை பெய்த அன்றே தெரிவதில்லை. நகரில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதும் வாவி ஏறிக்கொண்டே இருக்கும். வான் வெளித்துவிட்டது என்று தோணியை அவிழ்ப்பவர், அதற்கு முன் குளங்களின் வான்கதவுகள் திறந்திருக்கின்றனவா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஏறும் காலத்தில் வாவியின் நடுப்பகுதியில் ஓட்டம் அவ்வளவாக இராது. நீர் போக வழியில்லாமல் தேங்கி நிற்பதே அதற்குக் காரணம். மணல் திட்டில் ஒரு சிறிய வாய்க்கால் வெட்டப்படும்போது இந்த நிலை தலைகீழாகிறது. வாவியின் மட்டம் கடலின் மட்டத்தைவிட உயர்ந்து நிற்பதால், அந்த வாய்க்காலின் வழியே நீர் விரைந்து இறங்குகிறது. விரையும் நீர் இருபுறத்து மணலையும் அரித்து வாய்க்காலை அகலமாக்குகிறது. அகலமான வாய்க்காலில் இன்னும் அதிக நீர் இறங்கி இன்னும் வேகமாக அரிக்கிறது. ஆரம்பத்தில் தாண்டிவிடக்கூடியதாக இருந்த வெட்டு, சில மணி நேரத்தில் யாரும் நெருங்க முடியாத பெருவாயாகிறது. அதன் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதும் பிழை. காலடி மணல் அடியில் கரைந்துகொண்டிருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

வேகம் என்ற சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் தவறாகக் கணிப்பது இதைத்தான். ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது, ஓட்டம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஓட்டம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு தோணி ஓட்டத்துக்குக் குறுக்காக நிற்கிறது என்றும், அதன் பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு நீருக்குள் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நீர்படும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். வினாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில் அதன் மீது சுமார் 50 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். ஒருவர் தாங்கிப் பிடித்துவிடலாம். வினாடிக்கு இரண்டு மீட்டர் என்றால் அது 200 கிலோ. நாலு பேர் சேர்ந்தாலும் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். 2024 நவம்பரில் காரைதீவு, மாவடிப்பள்ளியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டதையும் உயிர்கள் போனதையும் கிழக்கில் யாரும் மறக்கவில்லை. தாம்போதியை, அதாவது வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதியை, கடந்து குறுக்கே பாயும் நீருக்கு இருந்ததும் இதே விசைதான்.

இந்த வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கல்லடிப் பாலத்தில் ஓரமாக நின்று, மிதந்து வரும் ஆற்றுவாழைக் கொத்து ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பத்து மீட்டரைக் கடக்க எத்தனை வினாடி எடுக்கிறது என்று எண்ண வேண்டும். பத்து வினாடி எடுத்தால் வினாடிக்கு ஒரு மீட்டர். ஐந்து வினாடியில் கடந்துவிட்டால் இரண்டு மீட்டர். சவள் வலிக்கும் ஒருவர் களைக்காமல் தொடர்ந்து போகக்கூடியது வினாடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் வேகத்தில்தான். ஆகவே, ஐந்து வினாடியில் கொத்து கடந்துபோகும் நாளில் அவர் எவ்வளவு பலமாக வலித்தாலும், தோணி பின்னோக்கியே போகும். வெளிக்கிடும்போது ஓட்டத்தோடு போவதால் இது தெரிவதில்லை. திரும்பும்போதுதான் தெரியும்.

கம்பு ஊன்றித் தோணி விடுபவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. சாதாரண நாளில் கம்பின் நுனி சேற்றைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து உந்தித்தான் தோணி நகர்கிறது, அங்கே ஊன்றித்தான் நிற்கிறது. வெள்ளத்தில் ஒரு மீட்டர் ஏறிய இடத்தில் கம்பு அடியை எட்டாது. எட்டும் இடத்திலோ, புதிதாக வந்து படிந்த சேற்றில் அது ஆழப் புதைந்துவிடும். கம்பு சேற்றில் நிற்க, தோணி ஓட்டத்தோடு விலக, நடுவில் கம்பைப் பிடித்திருப்பவர் நீருக்குள் விழுகிறார். கம்பை உடனே விட்டுவிடுவதே அப்போது செய்யத்தக்கது. கையோ கம்பை விட மறுத்து இன்னும் இறுகப் பிடிக்கும்.

பாலங்களின் தூண்களும் இந்நாட்களில் பொல்லாதவை. தூண்களுக்கு இடையே வழி குறுகுவதால் நீர் அங்கே வேகம் கூடிப் பாய்கிறது. தூணின் பின்பக்கத்தில் சுழல்கிறது. தூண்களில் மரக்கிளைகளும் ஆற்றுவாழையும் சல்பீனியா என்னும் மிதக்கும் களையும் சிக்கி அடைபட்டால், நீர் ஊடே போகும், தோணியும் மனிதரும் போக முடியாது. அம்பாறைப் பக்கத்தில் கிட்டங்கிப் பாலத்தில் இப்படி அடைபடுவதை ஒவ்வொரு மாரியிலும் காணலாம். குறுக்காகப் போன தோணி தூணில் மோதி நின்றால், ஓட்டம் அதன் அடியை இழுக்க, ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து நீரை அள்ளத் தொடங்கும். பயத்தில் எல்லோரும் தூணை விட்டு விலகி ஓட்டம் வரும் பக்கமாகச் சாய்வதே வழக்கம். அது தோணியைக் கவிழ்த்துவிடும். சாய வேண்டியது தூணின் பக்கமாகத்தான். மனம் சொல்வதற்கு எதிரான செயல் இது என்பதால், முன்கூட்டியே பேசிப் பழகாதவர்கள் அந்த நொடியில் இதைச் செய்ய மாட்டார்கள்.

முகத்துவாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலமீன்மடுவில், 1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டின் பக்கமாக நின்று பார்த்தால், வாவியின் செம்மண் நிற நீரும் கடலின் நீல நீரும் சந்திக்கும் இடத்தில் நுரையால் கோடு போட்டதுபோல ஓர் எல்லை தெரியும். அந்த நுரையில் தேங்காய்மட்டையும் குச்சியும் சருகும் இரு பக்கமும் போகாமல் கிடந்து ஆடும். வாவிநீரில் உப்பு மிகக் குறைவாதலால் அது பாரம் குறைந்தது. பாரமான கடல்நீரின் மேல் ஒரு படலமாக விரிந்து வெளியே போகிறது. அந்தப் படலத்தை எதிர்த்துத்தான் வாடைக்காற்றில் எழுந்த கடலலைகள் உள்ளே வருகின்றன. வரிசையாக வரும் மாடுகளில் முன்னது தயங்கினால் பின்னது நெருக்குவதுபோல, எதிர் ஓட்டத்தைச் சந்திக்கும் அலைகள் நெருங்கி நீளம் குறைகின்றன. நீளம் குறைந்த அலை உயரம் கூடிச் செங்குத்தாக எழுகிறது. வெளிக்கடலில் தோணி இலகுவாக ஏறி இறங்கிய அதே அலை, இங்கே சுவராக நிற்கிறது. வாய்க்கு வெளியே அரித்துக் கொட்டப்பட்ட மணல் புதிய திட்டாகக் கிடப்பதும் சேர்ந்துகொள்கிறது. அலையின் உயரம் அவ்விடத்து ஆழத்தின் ஏறத்தாழ எண்பது வீதத்தை எட்டும்போது அது உடைந்து விழும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள திட்டின் மேல் 1.2 மீட்டர் அலை உடையும் என்பதே இதன் பொருள். நேற்று ஆழமாக இருந்த வழி இன்று திட்டாகியிருக்கலாம் என்பதால் பழைய அனுபவமும் கைகொடுக்காது. நம் கரையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான்; ஆயினும் கடல் வற்றும் நேரத்தில் ஓட்டம் கூடி ஆழம் குறைவதால், கடந்தே ஆகவேண்டியவர்கள் கடல் பெருகி நிற்கும் நேரத்தைப் பார்த்துக் கடப்பது உயிருக்கு நல்லது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் அந்த நாளில் தோணிகள் வாயை நோக்கிப் போவதற்கு இறால்தான் காரணம். இறால் கடலில் முட்டையிடுகிறது. ஒரு சென்ரிமீட்டர் அளவுள்ள அதன் குஞ்சுகள் பெருக்கோடு வாவிக்குள் வந்து, சேற்றிலும் கண்டல் வேர்களுக்கிடையிலும் சில மாதங்கள் வளர்கின்றன. வளர்ந்தவை மறுபடி கடலுக்குப் போக வேண்டும். வாவிநீர் திடீரென நன்னீராவதும் கடலை நோக்கி ஓட்டம் எழுவதும் அவற்றுக்கு வெளியேறும் அறிகுறியாக அமைகின்றன. வாவி முழுவதிலும் பரந்து கிடந்த இறால், ஒரு குறுகிய வழியால் கூட்டமாக இறங்குகிறது. கொடுவா போன்ற வேட்டை மீன்களும் அதைத் தொடர்ந்து வாய்க்கு வருகின்றன. ஆகவே நீரின் வேகமும் மீன்பாடும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உச்சமடைகின்றன. நாட்கணக்கில் தொழிலுக்குப் போகாத குடும்பத்துக்கு அந்த ஓர் இரவின் பாடு எவ்வளவு பெரியது என்பதை அறியாமல், போகாதே என்று கரையிலிருந்து சொல்வது நியாயமாகாது. தோணியில் இறங்காமல் கரையிலும் ஆழங்குறைந்த ஓரத்திலும் வீச்சுவலை போடுபவர்களுக்கும் அன்று இறால் படுகிறது என்பதைத்தான் நான் சொல்வேன். வாயை எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரரும் மீனவரும் ஒத்துப்போகாததன் வேரும் இங்கேதான் இருக்கிறது: விரைவில் வெட்டினால் நெற்பயிர் தப்பும், வளராத இறால் கடலுக்குப் போய்விடும்.

நன்னீரானதன் இன்னொரு விளைவு நீந்துபவரின் உடம்பில் தெரியும். ஒரு கனமீட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோ. நன்னீர் 1,000 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல்நீர் தாங்குவதைவிட நன்னீர் சுமார் ஒன்றரைக் கிலோ குறைவாகத் தாங்கும். உப்பு வாவியில் சிறுவயதிலிருந்து நீந்தியவர், வெள்ள வாவியில் தலை சற்றுத் தாழ்ந்தே மிதப்பார். உடம்பில் சுற்றிய வலையும் நனைந்த சாரமும் மீதியைச் செய்துவிடும். நல்ல உயிர்காப்பு அங்கி ஏறத்தாழ பத்துக் கிலோ தாங்குவிசையைத் தருகிறது. இந்த ஒன்றரைக் கிலோவைப் போலப் பல மடங்கு அது. அதைத் தோணியின் முன்பக்கமான அணியத்தில் மடித்து வைத்திருந்தால் பயனில்லை, ஓடும் நீரில் விழுந்தபின் அதை அணிய நேரமிராது.

வெள்ளம் மூடிய வயல்வெளிகளில் தோணி விடுபவர்கள் நீருக்கடியில் நிற்கும் வேலித்தூண்களையும் முட்கம்பியையும், வாழிடம் விட்டு அலையும் முதலைகளையும் எதிர்பார்க்க வேண்டும். இருட்டில் அங்கே போகாமலிருப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீர் இறங்கி, ஓட்டம் தணிந்து, வாடை ஓய்ந்தபின், கடல் பெருகும் நேரங்களில் உப்பு மறுபடி வாய்வழியே அடியோரமாக உள்ளே நுழைகிறது. பாரமான அந்த நீர் மேலே தெரியாமல் ஆப்பு வடிவில் தரையோடு தவழ்ந்து முன்னேறும். மேலே அள்ளிய நீர் இனிக்க, ஒரு பாகம், அதாவது ஏறத்தாழ ஆறடி, ஆழத்தில் இறக்கிய போத்தலில் உவர்ப்பு இருக்கும். நாளுக்கு நாள் அது தெற்கே நகர்கிறது. அதோடு சேர்ந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத புதிய இறால் குஞ்சுகளும், பாலமீன்மடுவுக்குப் பெயர் கொடுத்த பாலமீனின் குஞ்சுகளும் உள்ளே வந்துகொண்டிருக்கும்.