பேனா நட்புக்குப் பிள்ளையின் வீட்டு முகவரி எதற்கு?

இந்தக் கல்வியாண்டிலும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதே படிவம் சுற்றத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டு மாணவர்களுடன் பேனா நட்பு ஏற்படுத்தித் தருவதாகச் சொல்லி, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், வயது, வீட்டு முகவரி, பெற்றோரின் கைபேசி எண், புகைப்படம் அனைத்தையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பச் சொல்கிறது அது. நிரப்பி அனுப்பிவிட்ட பிறகு என்னிடம் யோசனை கேட்ட ஆசிரியர்கள் பலர். அவர்களுடைய ஆர்வம் உண்மையானது. ஆனால் தொடக்கப் பள்ளியில் நெடுங்காலமாகக் கடிதப் பரிமாற்றம் நடத்திவருபவர் என்ற முறையில் இதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் இயலவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கோ ஒரு தனி நண்பரைத் தேடிக் கொடுப்பதுதான் பேனா நட்பு என்ற எண்ணமே இத்தனைக்கும் காரணம். பெயர், வயது, பொழுதுபோக்கு, முகவரி என்று முன்பு பத்திரிகைகளில் வெளிவந்த பேனா நண்பர் பகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அதையே செய்கிறார்கள். வகுப்பறைப் பேனா நட்பு என்பது ஒரு வகுப்பு இன்னொரு வகுப்போடு கொள்ளும் நட்பு. இரண்டு ஆசிரியர்கள், பள்ளியின் அதிகாரபூர்வத் தொலைபேசி வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ ஒருவரையொருவர் உறுதிசெய்துகொண்டு, எல்லாக் கடிதங்களையும் ஒரே உறையில் பள்ளியிலிருந்து பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கடிதத்தில் பிள்ளையின் பெயர் மட்டும் போதும். போகும் கடிதத்தையும் வரும் கடிதத்தையும் ஆசிரியர் படித்தே ஆக வேண்டும். நம்மிடம் நாற்பது பேரும் அங்கே இருபது பேரும் இருந்தால், இங்கே இருவர் சேர்ந்து ஒருவருக்கு எழுதட்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. ஏற்கெனவே படிவத்தை அனுப்பியிருந்தால், விவரங்களை நீக்குமாறு இன்றே எழுத்தில் கேளுங்கள். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் மறைக்காதீர்கள். அறிமுகமற்றவர் எவரேனும் பிள்ளையைத் தொடர்புகொண்டு தொந்தரவு செய்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

இணை வகுப்பை எங்கே தேடுவது? 1988இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைத்துத் தொடங்கிய ஐ-எர்ன் போன்ற அமைப்புகள் ஆசிரியர்கள் வழியாகவே வகுப்புகளை இணைக்கின்றன. உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் நடத்தும் கடிதப் போட்டியைச் சிலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது நல்ல போட்டி, ஆனால் அங்கிருந்து பிள்ளைக்குப் பதில் கடிதம் வராது. பயிற்சியில் சந்தித்த வேறு மாவட்ட ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள் என்பதே என் முதல் யோசனை. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தருகே வளரும் பிள்ளையும் இராமநாதபுரத்துக் கடலோரப் பிள்ளையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. வெளிநாடுதான் வேண்டுமென்றால் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பள்ளிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நம் பிள்ளைகள் தமிழிலேயே சொந்தமாக எழுதலாம். கரும்பலகையைப் பார்த்து நாற்பது பேரும் ஒரே ஆங்கிலக் கடிதத்தைப் படியெடுத்தால், அதற்கு அந்தப் பிள்ளைகள் என்னவென்று பதில் எழுதுவார்கள்?

நாட்காட்டியையும் முன்கூட்டியே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பள்ளியாண்டு சனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது; நமக்கோ ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை. ஆகவே சூலை முதல் அக்டோபர் வரை இரண்டு, மூன்று முறை எழுதினாலே நிறைவாக இருக்கும். அஞ்சலட்டை வேண்டாம், அதை வழியில் யாரும் படிக்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வந்த உறையைப் பிள்ளைகள் முன்னிலையில் பிரிக்காதீர்கள். முதலில் தனியே எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குக் கடிதம் இல்லையென்றால், எதிர்ப்பக்கத்து ஆசிரியரிடம் சொல்லி அதைப் பெறும்வரை மற்றவர்களுக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள்.