கஷ்டத்தைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா?

சிறுதொழில் செய்பவர்களின் கணக்கு வழக்கைப் பார்ப்பது என் வேலை. நஷ்டம் கணக்கில் ஏறுவதற்கு முன்பே முகத்தில் ஏறிவிடும். அட்டைப்பெட்டி செய்யும் ஒருவர் வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை போன் அதிர்ந்தது. மூன்று முறையும் யாரென்று பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார். பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. காகிதம் கொடுத்தவர்கள் நெருக்குகிறார்கள்.

"வீட்டில் சொன்னீர்களா?"

"பயந்துவிடுவார்கள் சார்."

"இதே தொழிலில் இருக்கும் நண்பர்களிடம்?"

"வெளியே தெரிந்தால் யாரும் கடனுக்குச் சரக்கு தரமாட்டார்கள்."

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கு மாதமும் தனியாகவே யோசித்து, கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார். வரவேண்டிய பில்லை வைத்தே முன்பணம் பெறும் பில் டிஸ்கவுண்டிங் என்று ஒன்று இருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அதே நிலையைக் கடந்து வந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

தொடர்பு என்றதும் பலருக்கு விசிட்டிங் கார்டுதான் நினைவுக்கு வருகிறது. அது வியாபாரத் தொடர்பு; அதுவும் தேவைதான். நான் சொல்வது வேறு: இந்த மாதம் சம்பளம் போட முடியுமா தெரியவில்லை என்று கூசாமல் சொல்லக்கூடிய நாலு பேர்.

பின்னாளில் அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல், அச்சுத் தொழிலில் இருந்த இளைஞராக, பிலடெல்பியாவில் ஜன்டோ என்ற சிறு குழுவைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். செருப்புத் தைப்பவர், கண்ணாடி பொருத்துபவர், நில அளவையாளர் எல்லாம் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது. அண்மையில் தொழிலில் நொடித்தவர் யார், காரணம் என்ன என்பதும், உனக்கு நாங்கள் எப்படி உதவலாம் என்பதும் அதில் உண்டு. தோல்வியைப் பேசுவதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

எங்கே தேடுவது? அதே தொழில், ஆனால் ஒரே வாடிக்கையாளருக்காக மோதாதவர்கள் நல்ல தொடக்கம். அரைகுறை அறிமுகங்களையும் விட்டுவிடாதீர்கள். தொடர்புகள் வழியாக வேலை கிடைத்தவர்களைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்குத் தகவல் வந்தது எப்போதாவது சந்திக்கும் ஆட்களிடமிருந்துதான் என்று தெரிந்தது. 1973இல் அதை வெளியிட்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். அப்புறம், தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரும் வேண்டும். நாம் தூங்கினோமா என்று கேட்பதற்கு.

"உங்கள் ஆலோசனை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "60 நாள் கெடு தாண்டிய வாடிக்கையாளரிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும். அதைச் செய்து பார்த்தபின் என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். இதைத்தான் அநேகம் பேர் செய்வதில்லை. உதவியவர் காத்திருந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவருக்கு ஒன்று தேவைப்படும்போது நீங்களாகவே போய் நில்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். இந்த வட்டத்துக்குள் கடனும் ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். பணம் புகுந்த இடத்தில் மனம்விட்டுப் பேசுவது நின்றுபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன். பேசியது வெளியே போகக்கூடாது என்பதையும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அட்டைப்பெட்டிக்காரர் இப்போது மாதம் ஒருமுறை மூன்று பேரைச் சந்திக்கிறார். கடன் கொடுத்தவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நாமே முந்திக்கொண்டு கூப்பிட வேண்டும் என்று அவர்களில் ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாக்கி இன்னும் முழுதாக அடைந்தபாடில்லை. போன மாதம் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, அவரே காகிதக்காரருக்குப் போன் போட்டார். "வெள்ளிக்கிழமை பாதி தருகிறேன், மீதிக்குத் தேதி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.