டிமாண்ட் ரிடக்‌ஷன்: ‘தேவைக் குறைப்பு’ சரியா?

போதைப்பொருள் ஊருக்குள் வராமல் மறிப்பது ஒரு வேலை. வந்தாலும் வாங்க ஆளில்லாமல் செய்வது இன்னொரு வேலை. இரண்டாவதன் பெயர்தான் ‘டிமாண்ட் ரிடக்‌ஷன்’. இதைத் தமிழில் ‘தேவைக் குறைப்பு’ என்று சொன்னால் சரிவருமா?

‘டிமாண்ட்’ என்ற சொல்லின் வேர் லத்தீனின் ‘மாந்தாரே’; அதற்குப் பொருள் ஒப்படைத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ‘கேட்டல்’ ஆகிவிட்டது. இலங்கைப் பொருளியல் நூல்கள் அதைப் பிடித்துக்கொண்டு ‘கேள்வி’, ‘நிரம்பல்’ என்கின்றன. நம் பாடநூல்களில் ‘தேவை’, ‘அளிப்பு’. சென்னைத் தெருவிலோ ‘தக்காளிக்கு செம டிமாண்டு’ என்றால் தட்டுப்பாடு. ‘ரொம்ப டிமாண்ட் பண்றாரு’ என்றால் பிகு. வியாசர்பாடியில் ‘டிமாண்டைக் குறைப்போம்’ என்று பேனர் கட்டினால் விலைவாசிக் கூட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

‘தேவைக் குறைப்பு’ என்பதிலும் ஓர் இடறல் உண்டு. அரிசி தேவை, மருந்து தேவை. கஞ்சாவை அந்த வரிசையில் வைக்கலாமா? ‘வேட்கை’ என்று மாற்றலாம் என்றால், அது ஏற்கெனவே சிக்கியவருக்கு வருவது. நாடு என்ற வினையிலிருந்து வரும் ‘நாட்டம்’ இன்னும் தொட்டே பார்க்காத பையனுக்கும் வரலாம். ஆகவே எங்கள் தேர்வு ‘நாட்டக் குறைப்பு’.

தொடாதவர்களிடம்தான் வேலை அதிகம். பள்ளியில் வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள். மறுத்துப் பேசுவதை நடித்தே பழக வேண்டும். ஒரு நாள் பேரணியும் மண்டையோட்டுப் படமும் பலன் தருவதில்லை. மீண்டவரை மேடையேற்றி அனுபவம் சொல்லவைப்பதும் அப்படித்தான்: ‘அவரே மீண்டுட்டாரே, நமக்கென்ன’ என்று பையன் கணக்குப் போடுவான்.

சிக்கியவரை வீட்டில் பூட்டிவைப்பது அடுத்த தவறு. நைட்ராசிபாம் என்ற தூக்க மாத்திரையை வாரக்கணக்கில் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் பார்த்து அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எந்தத் தொலைபேசி எண்ணைக் கூப்பிடுவது என்பதிலும் குழப்பம். விற்பவரைப் பற்றித் தகவல் சொல்ல 10581, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு. மகனுக்கு ஆலோசனை வேண்டுமானால் 14446, போதை மீட்பு உதவி எண். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்தே பல வீடுகள் கூப்பிடுவதில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. கஞ்சாவுக்குச் ‘சிறிய அளவு’ 1 கிலோ வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு திரும்பப் பெறப்படலாம்.